அப்பாவின் காலும் ஈரக்கட்டும்

அப்பாவின் காலில் இருந்த கரப்பன் மாறிச் சுகமாகிவிட்டது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எதனால் மாறியது என்பதிலும் ஊருக்குச் சந்தேகம் இல்லை. "மகள்காரி ஈரத்துணி கட்டினவள், அதாலதான் மாறினது." கடையில், கோயில் வாசலில், பஸ்ஸுக்கு நிற்கும்போது என்று யாராவது என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். "அந்தத் துணி கட்டுற முறையை ஒருக்காச் சொல்லித் தாங்கோ பிள்ளை." நானும் சொல்லிக் கொடுக்கிறேன். சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்கு வரும்போது ஏதோ உறுத்துகிறது. துணிதான் மாற்றியது என்று எனக்கு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. துணி மாற்றவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை, ஏனென்றால் கட்டிய முதல் இரவே அப்பா நித்திரை கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வயல் வன்னியில், இரணைமடுக் குளத்துக்குக் கீழே, கோடையில் வாய்க்கால் தண்ணீரில் சிறுபோகம் செய்கிற பக்கம். அப்பா அறுபதைத் தாண்டியவர், இன்னும் வரம்பு கட்டுவது அவர்தான். சோளகக் காற்று தொடங்குகிற வைகாசி, ஆனியில் அவருடைய இரண்டு முழங்கால்களுக்கும் கீழே, முன்பக்கமாக, வட்டம் வட்டமாகத் தடித்த திட்டுகள் வரும். முதலில் சின்னக் கொப்புளம், பிறகு கசிவு, பிறகு காய்ந்து செதில். பகலில் பெரிதாகத் தெரியாது. இரவில் படுத்த பிறகுதான் கடி, அந்த அரிப்பு, தொடங்கும். கையால் சொறிந்தால் அம்மா பேசுவா என்பதற்காக ஒரு காலின் குதியால் மற்றக் காலைத் தேய்ப்பார். வெடித்த குதி, சேற்றில் நின்று நின்று தடித்துப்போன குதி. அந்தச் சரசரப்பு எங்கள் அறைவரை கேட்கும். விடிந்து பார்த்தால் படுக்கை விரிப்பில் இரத்தம்.

ஊர் வைத்த பெயர்கள் பல. ஒரு பக்கத்தார் படை என்றார்கள், வட்டமாக இருந்ததால். கரப்பன் என்றவர்கள் கத்தரிக்காய், தக்காளி, இறால், நண்டு, கணவாய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். கத்தரிக்காயை விட்டால் வன்னியில் என்ன கறி வைப்பது என்று அம்மா கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. குட்டமாக இருக்குமோ என்று காதுக்குள் கேட்டவர்களும் உண்டு. இந்தக் கடைசிப் பயத்துக்கு மட்டும் நான் பிறகு தெரிந்துகொண்ட பதிலைச் சொல்லிவிடுகிறேன்: தொழுநோய்த் திட்டு வழமையில் கடிக்காது, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைந்திருக்கும். அப்பாவின் காலில் உணர்ச்சி குறையவில்லை, தேவைக்கு மேல் இருந்தது. உணர்ச்சி இல்லாத, கடிக்காத வெளிறிய திட்டு யாருக்காவது இருந்தால் வெட்கப்படாமல் போய்க் காட்டுங்கள், அதற்கு இலவசமாக மருந்து இருக்கிறது, மாறுகிற வருத்தம்.

வேப்பிலை அவித்த தண்ணீரில் கழுவினோம். மஞ்சள் பூசினோம். பரியாரியார் தந்த எண்ணெயைத் தடவினோம், அதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. காய்ந்த தோலுக்கு எந்த எண்ணெயும் கொஞ்சம் ஆறுதல்தான் என்று இப்போது நினைக்கிறேன். அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தா. கடல்தண்ணீரில் விளக்கெரிக்கிற அம்மனுக்கு ஒரு கால் கடி என்ன பெரிய விசயம் என்பது அம்மாவின் கணக்கு. கிருமி போக வேண்டும் என்று கடுமையான கிருமிநாசினிச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்ததுதான் எல்லாவற்றிலும் மோசம், காய்ந்த தோல் இன்னும் காய்ந்தது. கிணற்றுத் தண்ணீர் சவர், அதுதான் காரணம் என்றும் ஒரு கதை இருந்தது. பிரித்தானியாவில் இதற்குக் கிட்டிய ஒன்றை, தண்ணீரின் கடினத்தை, 336 பிள்ளைகளை வைத்துச் சோதித்து 2011இல் எழுதியிருக்கிறார்கள். அரைவாசிப் பேரின் வீடுகளில் தண்ணீரின் கடினத்தை நீக்கும் இயந்திரம் பூட்டிப் பார்த்தும் பிள்ளைகளின் எக்சிமாவில், அதாவது எங்கள் ஊர் கரப்பன் என்கிற மாதிரியான தோல் கடியில், அதனால் வித்தியாசம் வரவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பது வேறு கேள்வி, அதை இங்கே இழுக்கவில்லை.

பிறகு ஒரு பாமசியில் ஒரு டியூப் தந்தார்கள். ஸ்ரெரோயிட், பங்கசுக்கு (பூஞ்சணத்துக்கு) ஒன்று, கிருமிக்கு ஒன்று என மூன்றும் கலந்தது. எது என்று தெரியாவிட்டால் மூன்றுக்கும் அடி என்ற எண்ணம். பூசினால் குறையும், விட்டால் திரும்ப வரும். இந்தக் கலவை மருந்துகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. உண்மையிலேயே பங்கசால் வருகிற படையாக இருந்தால், ஸ்ரெரோயிட் அந்தச் சிவப்பையும் கடியையும் அமுக்கிவிட்டுப் பங்கசை உள்ளே பரவ விடும். பிறகு வைத்தியருக்கே அது என்னவென்று அடையாளம் தெரியாமல் உருமாறி நிற்கும்.

கிளினிக்கில் ஒரு டியூப்

கடைசியில் தோல் கிளினிக்குக்குப் போனோம். விடிய வெளிக்கிட்டு, நம்பர் எடுத்து, கொப்பி வைத்து, காத்திருந்து, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். டொக்டர் காலைப் பார்க்க முன்னம் நிறையக் கேட்டா. சீனி வருத்தம் இருக்கா, பிறசர் இருக்கா, சின்ன வயதில் முட்டு இருந்ததா, வீடு கட்டும்போது சீமெந்து குழைத்தீர்களா, வயலுக்கு என்ன மருந்தடிக்கிறீர்கள், பூட்ஸ் போடுவீர்களா. சீமெந்தில் இருக்கும் குரோமியம் சிலருக்கு ஒவ்வாது என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். பிறகு காலின் நரம்பு புடைத்திருக்கிறதா என்று பார்த்து, பாதத்தில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்த்தா. செதிலைச் சுரண்டி பங்கசுக்கு அனுப்பினா. பங்கசு இல்லை என்று வந்தது. வட்டமாக வருகிற ஒருவகை எக்சிமா என்றா. வயதாக ஆகத் தோலில் எண்ணெய்ப்பசை குறையும், அதோடு பகல் முழுக்கத் தண்ணீரில் நனைந்து, பிறகு காற்றில் காய்ந்து, திரும்ப நனைந்து என்று போனால் தோல் வெடித்து உள்ளே எரிச்சல் தொடங்கும் என்று விளக்கினா. நனைந்து காய்கிறது என்ற அந்தச் சொல்லை நான் அப்போது பெரிதாகக் கவனிக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு உண்மையில் நடந்தது பக்கத்து மேசையில், தாதியிடம். மருந்து எழுதிய துண்டோடு போனபோது அவ முதலில் கேட்டது, "இவ்வளவு நாளும் பூசின டியூப் கொண்டு வந்தனீங்களோ?" அம்மா கொண்டு போயிருந்தா. பொலித்தீன் பையில் சுற்றி, சேலைத் தலைப்பில் முடியாத குறையாக. தாதி அதைக் கையில் வாங்கி ஒருமுறை அமுக்கிப் பார்த்தா.

"இது எப்ப வாங்கினது அம்மா?"

"சித்திரை வருசத்துக்கு முதல் வாங்கினது மிஸ்."

"இப்ப ஆவணி."

"ஓம். கவனமாத்தான் பாவிக்கிறம்." அம்மாவின் குரலில் இருந்தது பெருமை. டியூபில் பாதி மிச்சம்.

தாதி சிரிக்கவில்லை. "எப்பிடிப் பூசுறனீங்கள், ஒருக்காக் காட்டுங்கோ" என்றா. அம்மா விரல் நுனியில் பொட்டு வைக்கிற அளவு எடுத்து, ஒரு திட்டின் நடுவில் வைத்து, அது காணாமல் போகும்வரை தேய்த்துக் காட்டினா. அப்படித்தான் எங்கள் வீட்டில், எங்களுக்குத் தெரிந்த எல்லா வீட்டிலும் பூசுவது. மட்டையிலேயே மெல்லிதாகப் பூசவும் என்று எழுதியிருக்கும். "ஸ்ரெரோயிட் பொல்லாதது" என்று ஒவ்வொரு பாமசியிலும் ஒவ்வொரு உறவினரும் சொல்லி அனுப்புவார்கள். வறுமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்தால் ஒரு டியூப் வருடக்கணக்கில் வரும்.

தாதி தன் சுட்டுவிரலை நீட்டி, கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை களிம்பை ஒரு கோடாகப் பிதுக்கினா. "இதான் ஒரு அளவு. அரைக் கிராம் வரும். ஒரு பெரிய ஆளின்ர ரெண்டு கையையும் விரல் சேர்த்து விரிச்சு வைச்சால் எவ்வளவு இடம் மூடுமோ, அவ்வளவு இடத்துக்கு இது காணும்." அப்பாவின் கையை எடுத்து அவருடைய காலின் மேலேயே வைத்து அளந்தா. ஒரு காலில் இருந்த திட்டெல்லாம் சேர்த்து இரண்டு கை அளவு. ஆக, ஒரு காலுக்கு ஒரு விரல்நுனி, இரண்டு காலுக்கும் நாளுக்கு ஒரு கிராம். 15 கிராம் டியூப் 15 நாளில் முடிய வேண்டும். எங்களுடையது நான்கு மாதத்தில் பாதிதான் முடிந்திருந்தது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்தப் போக்கில் முழு டியூபும் முடிய எட்டு மாதம் செல்லும். தினமும் பூச வேண்டியதில் பதினாறில் ஒரு பங்கு. இதைத்தான் "இங்கிலிஸ் மருந்தும் பூசிப் பாத்தாச்சு, சரிவரேல்ல" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

ஈரக்கட்டைப் பற்றி அதற்குப் பிறகுதான் கதை வந்தது. ஒரு கிழமைக்கு, இரவில் மட்டும், மருந்து பூசி அதன் மேல் ஈரத்துணி, அதன் மேல் காய்ந்த துணி. எழுதித் தந்த மருந்தைத் தவிர வேறு எதையும் கட்டுக்குள் வைக்கக் கூடாது, ஏனென்றால் ஈரத்தோடு மூடிவைத்தால் மருந்து தோலுக்குள் இறங்குவது பல மடங்கு கூடும். அதுதான் அதன் பலம், அதுதான் அதன் ஆபத்தும். வீரியம் கூடிய ஸ்ரெரோயிட்டை வைத்தியர் சொல்லாமல் இப்படிக் கட்டினால், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டினால், அது இரத்தத்தில் சேர்ந்து உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்ரெரோயிட்டைக் குறைத்துவிடலாம். சீழ் இருந்தால், தேன் நிறத்தில் பொருக்கு இருந்தால், காய்ச்சல் இருந்தால், நோவோடு சின்னச் சின்னக் குழிக் கொப்புளங்கள் கூட்டமாக வந்தால் கட்டவே வேண்டாம், நேரே வாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

"நனைச்சே கட்டப் போறாய்"

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா இருக்கிறா. சின்னக்கா என்று கூப்பிடுவோம். சண்டையின் கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிகளில் கட்டுப் போட்ட கை அவவுடையது. அதற்கு மேல் நான் எழுதவும் தேவையில்லை, நீங்கள் கேட்கவும் தேவையில்லை. கட்டுத் துணி சுற்றுவதில் அவவுக்கு நிகர் எங்கள் பக்கம் யாரும் இல்லை என்பதால் முதல் இரவு கூப்பிட்டேன். விசயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"கட்டு நனைஞ்சால் உடன அவிழ்த்து மாத்த வேணும் எண்டுதான் எங்களுக்குப் பழக்கினது. ஈரம் பட்டால் வெளியில இருக்கிற கிருமி துணியால உள்ள இறங்கும். நீ நனைச்சே கட்டப் போறாய்."

அவ சொன்னது பிழையில்லை. திறந்த காயத்துக்கு மேல் போட்ட கட்டு நனைந்தால் நடப்பது அதுதான். அப்பாவின் காலிலும் சொறிந்த இடங்கள் இருந்தன. எக்சிமா உள்ள தோலில் சீழ் பிடிக்க வைக்கிற கிருமி மற்றத் தோலைவிட அதிகமாகக் குடியிருக்கும் என்பதும் உண்மை. ஆனால் இங்கே கட்டு காயத்தை மூடுவதற்கு அல்ல, வெடித்துக் காய்ந்த தோலை நனைத்து வைப்பதற்கு. நான் கிளினிக் தாளைக் காட்டினேன். சின்னக்கா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "சரி, ஆனால் ஒவ்வொரு நாளும் விடிய நான் வந்து பாப்பன். சீழ் கண்டால் உன்ர தாளைக் கிழிச்சுப் போடுவன்" என்றா. அந்த ஏற்பாடு எனக்கும் நல்லதாகத்தான் பட்டது.

செய்த முறை இது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் இரண்டையும் ஒரு பத்து நிமிடம் பேசினில் வைக்க விட்டோம். சவர்க்காரம் இல்லை. துவாயால் ஒற்றி எடுத்து, தோல் முழுக்கக் காய முன்னம், திட்டுகளில் அளந்த மருந்து. மிச்சக் காலெல்லாம் கிளினிக்கில் எழுதித் தந்த வெள்ளைப் பரபின் களிம்பு (வாசலின் மாதிரி), தாராளமாக. பிறகு அம்மா வெட்டித் துவைத்து வைத்திருந்த அப்பாவின் பழைய பருத்தி வேட்டித் துண்டுகளை அதே இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, பாதத்திலிருந்து மேலே சுற்றிக்கொண்டு வந்தா சின்னக்கா. ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் பாதியை மூடும். இறுக்கம் இல்லை. பெருவிரல் நகத்தை அமுக்கிவிட்டு நிறம் திரும்புகிறதா என்று பார்த்தா. அதன் மேல் காய்ந்த துணி. அப்பாவுக்கு இதெல்லாம் பெரிய கூச்சம். "காலை விடு பிள்ளை, நான் கட்டுறன்" என்று ஒவ்வொரு சுற்றுக்கும் சொன்னார். "மாமா, ஆட்டாதேங்கோ" என்ற சின்னக்காவின் ஒரு சொல்லில் அடங்கினார்.

அப்பாவுக்கு சாப்பிட்ட பின் ஒரு பீடி வேண்டும். கட்டுப் போட்ட காலோடு திண்ணையில் இருந்து பற்றவைக்கப் போனபோது நான் கத்திவிட்டேன். பரபின் ஊறிய துணி நெருப்புப் பட்டால் மளமளவென்று பிடிக்கும், அது துவைத்தாலும் முழுக்கப் போகாது. இப்படி நெருப்புப் பிடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள் என்பதால் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரிக்கை விட்டிருக்கிறது. எங்கள் பக்கம் பீடியோடு விறகடுப்பும் குப்பிவிளக்கும் கட்டிலுக்குக் கீழே வைக்கிற நுளம்புத்திரியும் இருக்கின்றன. இணையத்தில் படம் போட்டு விளக்குகிற யாரும் நுளம்புத்திரியைச் சொல்லமாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன்.

இன்னொன்று சோளகம். அந்தத் தாள்களை எழுதியவர்கள் குளிர்நாட்டில் கட்டி, விடியும்வரை விட்டிருப்பார்கள். இங்கே ஆவணியில், யன்னல் திறந்த அறையில், மேலே காற்றாடியும் சுற்றினால், உள்துணி நடுச்சாமத்துக்கு முதலே காய்ந்துவிடும். காய்ந்த துணி தோலோடு ஒட்டி இழுக்கும், நனைத்ததன் பயனும் போய்விடும். டொக்டர் சொன்ன நனைந்து காய்கிற கதை அப்போதுதான் எனக்கு உறைத்தது. வயலில் பகல் முழுக்க நடப்பதும் இதுதானே. வெறும் தண்ணீர் தோலை ஈரமாக்குவதில்லை, ஆவியாகிப் போகும்போது இருந்ததையும் கொண்டுபோகிறது. கீழே களிம்பும் மேலே மூடுதுணியும் இருந்தால்தான் ஈரம் நிற்கும். ஆகவே காய முன்னம் மேல்துணியைத் தளர்த்தித் தெளிக்க வேண்டும், அல்லது அவிழ்த்துவிட்டுத் திரும்பக் களிம்பு பூச வேண்டும். தெளிப்பதற்கு அப்பா வயலுக்கு மருந்தடிக்கிற சின்னக் கைப்பம்பைக் கழுவிப் பாவிக்கலாமே என்றார். அம்மா பார்த்த பார்வையில் அந்தக் கதை அதோடு முடிந்தது.

முதல் இரவு நான் பதினொரு மணிபோல எழும்பிப் போய்ப் பார்த்தேன். குதியால் தேய்க்கிற சத்தம் இல்லை. தேய்க்க முடியாது, துணி இருக்கிறது. ஆனால் தேய்க்க எத்தனிக்கவும் இல்லை. துணியிலிருந்து ஈரம் ஆவியாகும்போது தோல் குளிர்கிறது, குளிர்ந்தால் கடி அடங்குகிறது. கிழமை முடிவில் செதில் போய், தடிப்பு இறங்கி, தொட்டால் தோல் தோலாகவே இருந்தது. சின்னக்கா ஒவ்வொரு நாளும் விடிய வந்து பார்த்தா. சீழ் இல்லை. மயிர்க்கால்களில் மட்டும் சிறு பருக்கள் கொஞ்சம் வந்தன, களிம்பு கூடினால் வருவதுதான் என்று கிளினிக்கில் சொன்னார்கள்.

கறுப்பு மட்டும் நின்றது. திட்டுகள் இருந்த இடமெல்லாம் கருநீலமாக, வயல் எலிப்புழுக்கை நிறத்தில். அம்மாவுக்கு அது மாறவில்லை என்று அர்த்தம், இன்னும் மருந்து பூச வேண்டும் என்றா. இணையத்தில் பார்க்கிற படங்களில் எல்லாம் வெள்ளைத் தோலில் சிவப்பாக இருக்கிறது. எங்கள் நிறத்தில் எக்சிமா சிவப்பாக நிற்பது குறைவு, கறுப்பாகவோ சாம்பலாகவோ வரும், அடங்கிய பிறகும் அந்தக் கறை மாதக்கணக்கில் நின்றுதான் மங்கும். "நிறத்தைப் பாத்துப் பூச வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு விரலால தடவிப் பாருங்கோ. சொரசொரப்பும் இல்லை, கடியும் இல்லையெண்டால் மருந்து காணும்" என்று டொக்டர் சொன்னது அம்மாவுக்கு ஏறவே சில கிழமை பிடித்தது. கறுப்பை வெளுக்கவைக்க ஸ்ரெரோயிட் பூசிக்கொண்டே போய்த் தோல் மெலிந்துபோனவர்களை நான் பிறகு எங்கள் ஊரிலேயே கண்டேன்.

துணியா, மருந்தா

அங்கேயே நிறுத்தியிருந்தால் எனக்கும் ஊரைப்போல நிம்மதியாக இருந்திருக்கும். நான்தான் வாசிக்கத் தொடங்கினேன். ஈரக்கட்டைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை பிள்ளைகளைப் பற்றியவை, அப்பாவுக்கு வந்ததுபோன்ற வட்ட எக்சிமா உள்ள வயதானவர்களைப் பற்றி அல்ல. பிள்ளைகளிலும் விடை நான் எதிர்பார்த்தது இல்லை. 2006இல் பிரித்தானியாவில் ஒரு சின்ன ஆய்வு, ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு மருந்தோடு ஈரக்கட்டு, மற்றவர்களுக்கு ஒழுங்கான வழமையான சிகிச்சை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமானார்கள். கட்டுப் போட்ட பக்கத்தில்தான் கிருமிக்கு மருந்து கொடுக்க வேண்டி வந்தது அதிகம். இதை வாசித்தபோது சின்னக்காவின் முகம்தான் ஞாபகம் வந்தது. 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதிய இன்னொன்று, ஸ்ரெரோயிட் களிம்பை மட்டும் பூசுவதைவிட ஈரக்கட்டு மேலானது என்பதற்கான ஆதாரம் பலவீனமானது என்கிறது. கட்டு வேலை செய்யாது என்று அவை சொல்லவில்லை. சரியான அளவில் சரியாகப் பூசினாலே அநேகமாகக் காணும் என்பதுதான் அவற்றிலிருந்து நான் விளங்கிக்கொண்டது.

அந்த "சரியாகப் பூசினால்" என்பதில்தான் எங்கள் வீட்டுக் கதை முழுவதும் இருக்கிறது. எங்களுக்கு ஈரக்கட்டும் முழு அளவு மருந்தும் ஒரே இரவில் வந்தன. அதற்கு முதல் நாள்வரை அப்பாவின் காலுக்குப் போனது பதினாறில் ஒரு பங்கு. அடுத்த நாள் முழுப் பங்கு, அதோடு துணி, அதோடு பரபின், அதோடு சவர்க்காரத்தை நிறுத்தியது, அதோடு இரவில் சொறிய முடியாதது. இத்தனையும் சேர்ந்து வந்ததில் கண்ணுக்குத் தெரிந்தது துணி ஒன்றுதான். ஆகவே பெயர் துணிக்குப் போய்விட்டது. துணி கட்டுகிற முறையைக் கேட்டு வருகிறவர்களிடம் நான் இப்போது முதலில் டியூபைக் கேட்கிறேன். பாதிப் பேருக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. "மருந்தெல்லாம் பூசிப் பாத்திட்டம் பிள்ளை, அது சரிவராது, நீ துணியைச் சொல்லு" என்கிறார்கள். இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது. என்னிடம் கேட்டுப் போகிற ஒரு தாய், வீட்டில் கிடக்கிற அந்த மூன்று கலந்த டியூபையோ அதைவிட வீரியமானதையோ பிள்ளையின் உடம்பெல்லாம் பூசி ஈரத்துணி சுற்றினால் என்ன ஆகும் என்ற பயம். அதனால் பிள்ளைக்கு என்றால் நான் முறையே சொல்வதில்லை. கிளினிக்குக்குப் போகச் சொல்கிறேன்.

அடுத்த சிறுபோகத்தில் திட்டு திரும்ப வந்தது. வரும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், இது அடியோடு போகிற சாமான் இல்லை. இந்த முறை எனக்கு ஓர் ஆசை. இடது காலுக்கு மருந்தும் ஈரக்கட்டும், வலது காலுக்கு அதே மருந்து, அதே விரல்நுனி அளவு, அதே பரபின், கட்டு மட்டும் இல்லை. கிளினிக்கில் கேட்டேன், டொக்டர் சிரித்துவிட்டுச் செய்து பார் என்றா. அப்பாதான் சம்மதிக்கவில்லை. "வலது கால் என்ன பாவம் செய்தது?" என்றார். இரண்டு நாள் கெஞ்சிய பிறகு இறங்கி வந்தார்.

முதல் சில இரவுகள் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. இடது கால் அமைதி. வலது காலில் கடி நிற்கவில்லை, அதைத் தேய்க்க இடது குதியைக் கொண்டுபோனால் அதில் துணி சுற்றியிருக்கிறது, ஆகவே கட்டில் சட்டத்தில் உரசினார். நடுக்கிழமைக்குள் வலதும் அடங்கத் தொடங்கியது. இரண்டாவது கிழமை முடிய, கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எது எந்தக் கால் என்று எனக்குச் சொல்ல முடியவில்லை. ஒரு மனிதனின் இரண்டு காலை வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது என்று தெரியும். வலது காலில் பூசுகிற கையும் கட்டில் சட்டத்தில் உரசுகிற நேரமும் இடது காலிலிருந்து வேறுபட்டிருக்கும். ஆனாலும் எனக்குள் இருந்த உறுத்தலுக்கு அது ஓரளவு வடிவம் கொடுத்தது: துணி தந்தது அந்த முதல் இரவுகளின் நித்திரையை. அது சின்ன விசயம் இல்லை. நித்திரை இல்லாமல் வரம்பில் நடக்கிற அறுபது வயது ஆளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். தோலை மாற்றியது மருந்தின் அளவு என்பது என் எண்ணம்.

இப்போது திட்டு இல்லாத நாட்களிலும், முன்பு வந்த இடங்களில் கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் மருந்து, மற்ற நாளெல்லாம் பரபின். வயலால் வந்ததும் கால் கழுவி, காயவிடாமல் களிம்பு. இந்த முறையில் ஒரு வருடத்தின் சோளகம் பெரிதாக ஒன்றும் செய்யாமல் போனது. டியூப் தீர்ந்து தீர்ந்து வாங்குகிறோம், அம்மாவுக்கு அந்தச் செலவு இன்னும் மனதுக்குப் பிடிக்கவில்லை. பிதுக்கும்போது பக்கத்தில் நிற்க மாட்டா.

எதனால் மாறியது என்று அப்பாவைக் கேட்டால் துணியால் என்றுதான் சொல்வார். அம்மாவைக் கேட்டால் வற்றாப்பளை அம்மன், நேர்த்தியும் தீர்த்தாயிற்று. சின்னக்காவுக்கு அளந்து பூசியதில்தான் நம்பிக்கை, ஈரக்கட்டு என்றால் இப்போதும் முகம் சுளிக்கிறா. ஆனால் கட்ட வேண்டி வந்தால் அவவைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது, நான் சுற்றினால் நடுச்சாமத்தில் கழன்றுவிடுகிறது.